பழைய துப்பாக்கிக்குப் புதுக் கண்: டிராகுனோவில் நவீன ஸ்கோப் மாட்டினால் என்ன மாறும், என்ன மாறாது?

ஒரு துப்பாக்கிக்கு அதிகம் செலவாகுமா, இல்லை அதன் மேல் மாட்டும் கண்ணாடிக்கா? கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனா இந்திய ராணுவத்தின் கணக்குப் புத்தகத்தில் இது நிஜமான கேள்வி.

2025 அக்டோபர் 15 அன்று பாதுகாப்பு அமைச்சகம் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. 7.62×51 மி.மீ. ரைஃபிள்களுக்கான இரவு நேர ஸ்கோப்புகளை எம்கேயு நிறுவனம் தலைமையிலான கூட்டமைப்பிடம் வாங்குவதற்கான ஒப்பந்தம் அது. மதிப்பு 659.47 கோடி ரூபாய். நட்சத்திர வெளிச்சம் மட்டுமே இருக்கும் இரவிலும் 500 மீட்டர் தூரம் வரை குறிவைக்க இந்த ஸ்கோப்புகள் உதவும் என்று அமைச்சகம் தெரிவித்தது.

இவை போகப்போவது சிக் சாவர் 716 ரைஃபிள்களுக்கு. அந்த ரைஃபிள்களில் 72,400-ஐ வாங்க 2019-இல் ஒப்பந்தம் போட்டபோது, மொத்தச் செலவு ஏறக்குறைய 700 கோடி ரூபாய் என்று செய்திகள் வெளியாகின. ஆண்டு வேறு, எண்ணிக்கை வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒன்று புரியுது: ஸ்கோப் என்பது இப்போ துப்பாக்கிக்குப் பக்கத்துணை இல்லை, பாதித் துப்பாக்கியே அதுதான்.

சிக் ரைஃபிள் புதுசு. ஸ்கோப் மாட்டுவதற்கென்றே மேலே ரெயில் வைத்துத்தான் தொழிற்சாலையை விட்டு வெளியே வருது. ஆனா, ஸ்கோப் என்றால் ஒரே ஒரு மாடல்தான் என்றிருந்த காலத்தில் வடிவமைக்கப்பட்ட துப்பாக்கிகளை என்ன செய்வது? இந்திய ராணுவம் 1990-களில் இருந்தே பயன்படுத்தி வரும் டிராகுனோவ் அப்படிப்பட்ட ஒன்று. அதில் 90 துப்பாக்கிகளை மேம்படுத்த ராணுவம் சில ஆண்டுகளுக்கு முன் டெண்டர் கோரியது.

தூக்கிப் போட்டுவிட்டு புதுசு வாங்காமல், பழசுக்கு ஏன் மெனக்கெடணும்? நவீன ஸ்கோப் மாட்டிட்டா 60 வருஷத்துக்கு முந்தைய வடிவமைப்பு இன்றைய துப்பாக்கி ஆகிவிடுமா? விரிவாகப் பார்க்கலாம்.

டிராகுனோவ்: முதலில் இது யாருக்கான துப்பாக்கி?

சோவியத் யூனியனின் இஷெவ்ஸ்க் நகரத்தைச் சேர்ந்த வடிவமைப்பாளர் யெவ்கெனி டிராகுனோவ் உருவாக்கிய துப்பாக்கி இது. எஸ்விடி என்பது இதன் அதிகாரபூர்வச் சுருக்கப் பெயர். சோவியத் ராணுவம் 1963-இல் இதை ஏற்றுக்கொண்டது.

இது செமி-ஆட்டோமேட்டிக் ரகம். அதாவது, ட்ரிகரை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா போகும். அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே உள்ளே தள்ளிக்கொள்ளும், கையால் போல்ட்டை இழுக்க வேண்டியதில்லை. மேகஸினில் 10 தோட்டாக்கள். பழைய ஸ்கோப்போடு சேர்த்து எடை 4.3 கிலோ.

பெயரில் ஸ்னைப்பர் என்று இருந்தாலும், சினிமாவில் பார்க்கிற மாதிரி தனியாக மலையுச்சியில் படுத்து இரண்டு நாள் காத்திருக்கும் ஸ்னைப்பருக்காக இது செய்யப்படவில்லை. சாதாரண காலாட்படைப் பிரிவில் மற்ற வீரர்களோடு சேர்ந்தே ஓடுபவருக்காகச் செய்யப்பட்டது. மற்றவர்களின் ஏகே ரைஃபிள் 300, 400 மீட்டருக்கு மேல் தடுமாறும்போது, அதைத் தாண்டி 600, 800 மீட்டர் வரை பதில் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கான துப்பாக்கிதான் இது.

இந்த வேறுபாடு முக்கியம். டிராகுனோவைக் குறை சொல்பவர்களில் பலர், அதனிடம் அது வாக்குக் கொடுக்காத ஒன்றை எதிர்பார்க்கிறார்கள்.

பழைய ஸ்கோப்பில் என்ன குறை?

டிராகுனோவோடு வந்த ஸ்கோப்பின் பெயர் பிஎஸ்ஓ-1. அன்றைக்கு இது கெட்டிக்காரத்தனமான கருவி, இதில் சந்தேகமே வேண்டாம்.

உதாரணத்துக்கு, இதன் உள்ளே இடது கீழ்ப்பக்கம் ஒரு வளைகோடு இருக்கும். எதிரில் நிற்கும் ஆளின் கால் அடிக்கோட்டில் இருக்கும்படி வைத்து, தலை அந்த வளைகோட்டை எங்கே தொடுகிறது என்று பார்த்தால் போதும். 200 மீட்டர் முதல் 1,000 மீட்டர் வரை தூரத்தை அதிலேயே படித்துவிடலாம். மின்னணுக் கருவி எதுவும் இல்லாமல் தூரம் அளக்கும் வழி இது.

பிறகு மேலே உள்ள சக்கரத்தைத் திருப்பி அந்தத் தூரத்துக்கு வைத்தால், தோட்டா எவ்வளவு கீழே இறங்கும் என்பதை ஸ்கோப்பே ஈடுசெய்துவிடும். மாலை மங்கலில் குறிக்கோடுகள் தெரிவதற்கு உள்ளே சின்ன விளக்கும் உண்டு.

அப்போ பிரச்னை எங்கே?

ஒன்று, அந்த வளைகோடு எதிரில் இருப்பவர் 1.7 மீட்டர் உயரத்தில் நிமிர்ந்து நிற்கிறார் என்று எடுத்துக்கொள்ளும். பாறைக்குப் பின்னால் தலையை மட்டும் நீட்டுபவரிடம் இந்தக் கணக்கு செல்லாது.

இரண்டு, உருப்பெருக்கம் 4 மடங்குதான், அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. 4 மடங்கில் 800 மீட்டருக்கு அப்பால் இருப்பவர், வெறும் கண்ணுக்கு 200 மீட்டரில் இருப்பவர் போலத் தெரிவார். அங்கே ஒரு ஆள் இருக்கிறார் என்பது புரியும். அவர் கையில் இருப்பது துப்பாக்கியா, கைத்தடியா? அந்த இடத்தில்தான் சிக்கல்.

மூன்று, உயரம். ஸ்கோப் சக்கரத்தில் இருக்கும் எண்கள் ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கும், சாதாரண காற்றழுத்தத்துக்கும் கணக்குப் போட்டு எழுதப்பட்டவை. 3,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிசு. தடை குறைவதால் தோட்டா அதே தூரத்தில் குறைவாகவே இறங்கும். சக்கரத்தில் 700 என்று வைத்துச் சுட்டால் குறிக்கு மேலே போய் விழும். காஷ்மீரிலும் லடாக்கிலும் இது நடைமுறைப் பிரச்னை.

நான்கு, வெளிச்சம். பிஎஸ்ஓ-1-இன் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 24 மி.மீ. இன்றைய ஸ்கோப்புகளில் 50 மி.மீ. சர்வசாதாரணம். பரப்பளவில் கணக்குப் போட்டால் நாலு மடங்குக்கும் அதிகம். நாலு மடங்குக்கு உருவத்தைப் பெரிதாக்கும்போது 24 மி.மீ. போதும். அதே கண்ணாடியை வைத்துக்கொண்டு 10 மடங்குக்குப் பெரிதாக்கினால் விடியற்காலையில் படம் இருட்டிவிடும்.

புது ஸ்கோப் என்ன தருகிறது?

மேலே சொன்ன நாலு குறைக்கும் இன்றைய ஸ்கோப்பில் பதில் உண்டு.

உருப்பெருக்கத்தைத் தேவைக்கு ஏற்ப மாற்றலாம். சுற்றுவட்டாரத்தைப் பார்க்க 3 மடங்கு, அடையாளம் காண 12 மடங்கு என்று ஒரே கருவியில் முடியும். சக்கரங்கள் குறிப்பிட்ட தோட்டாவுக்கு எழுதப்பட்டவை இல்லை. ஒவ்வொரு க்ளிக்குக்கும் குறிப்பிட்ட கோணம் நகரும். லேசர் கருவி தூரத்தைச் சொல்லும், கையடக்கக் கணிப்பான் உயரம், வெப்பநிலை, காற்று எல்லாம் சேர்த்து எத்தனை க்ளிக் என்று சொல்லும். வீரர் அதைத் திருப்பினால் போதும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, துல்லியம் கூடுகிறது என்பது மட்டுமில்லை. அடையாளம் காண முடிகிறது என்பதுதான் பெரிய விஷயம். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டி ஆடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள், விறகு பொறுக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடியில் தெரிவது யார் என்று உறுதியாகத் தெரியாமல் ட்ரிகரில் விரல் வைப்பவருக்கும், தெரிந்து வைப்பவருக்கும் உள்ள தூரம் ஒரு உயிர்.

சரி, அப்போ நல்ல ஸ்கோப்பாக வாங்கி மாட்டிட்டா போதுமே? அங்கேதான் கதை ஆரம்பிக்குது.

வாங்குவது சுலபம், மாட்டுவதுதான் கஷ்டம்

இன்று உலகம் முழுக்க ஸ்கோப் மாட்டப் பயன்படும் பொது வடிவம் பிகாட்டினி ரெயில். பல் பல்லாக வெட்டிய உலோகப் பட்டை. அமெரிக்க ராணுவம் இதை 1995-இல் தர நிர்ணயமாக ஆக்கியது. எந்த நிறுவனத்தின் ஸ்கோப்பும் எந்தத் துப்பாக்கியிலும் உட்காரும் என்பதுதான் இதன் பலம். செல்போன் சார்ஜருக்கு டைப்-சி வந்த மாதிரி.

டிராகுனோவ் அதற்கும் 30 வருஷம் முந்தியது. அதில் ஸ்கோப் மாட்டும் இடம் துப்பாக்கியின் இடது பக்கவாட்டில் இருக்கும். ஏன் பக்கவாட்டில்? மேலே இருப்பது மெல்லிய தகட்டால் ஆன மூடி. துப்பாக்கியைச் சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் அதைக் கழற்ற வேண்டும். ஏகே குடும்பம் முழுக்க இதே கதைதான், திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் டிஏஆர் ரைஃபிளும் ஏகே வழி வந்ததுதான்.

அந்த மூடி மேல் ரெயிலை வைத்து ஸ்கோப்பை மாட்டினால் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்கு.

ஸ்கோப் உட்காரும் அடிப்பகுதி 10 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு முனை 0.1 மி.மீ. அசைகிறது. ஒரு தலைமுடியின் கனம்தான். அந்த அசைவு 600 மீட்டர் தூரத்தில் 60 செ.மீ. விலகலாக மாறும். நெஞ்சுக்கு வைத்த குறி, ஆளையே தொடாமல் பக்கத்தில் போய்விடும்.

கழற்றி மாட்டும்போதெல்லாம் தகட்டு மூடி அதே இடத்தில் முடி இழை பிசகாமல் உட்காரும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. அதனால்தான் மேம்பாட்டு வேலையில் வெறும் ஸ்கோப் மட்டும் வருவதில்லை. மூடியையே கெட்டியானதாக மாற்றி, அசையாதபடி பூட்ட வேண்டும். இல்லை என்றால் துப்பாக்கியின் மரப்பாகங்களை மொத்தமாகக் கழற்றிவிட்டு, ரெயிலோடு கூடிய அலுமினியச் சட்டகத்துக்குள் இயந்திரத்தை உட்கார வைக்க வேண்டும்.

கன்னம் எங்கே படும்?

அடுத்தது உடம்பு சம்பந்தப்பட்டது. துப்பாக்கியைத் தோளில் முட்டுக்கொடுத்துப் பிடிக்கும் பின்பாகத்தை பட் என்பார்கள். அதன் மேல் கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படிந்தால்தான் கண் ஸ்கோப்பின் நடுக்கோட்டில் நிற்கும்.

பிஎஸ்ஓ-1-இல் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே சுமார் 7 செ.மீ. இடைவெளி இருந்தால் போதும். டிராகுனோவின் பட் அந்த அளவுக்குச் செய்யப்பட்டது, அதன் நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. புது ஸ்கோப்புகள் இன்னும் தள்ளியிருந்து பார்க்க வேண்டியவை. புது மவுண்ட் வைத்தால் ஸ்கோப்பின் உயரமும் கூடிவிடும். கன்னம் அந்தரத்தில் நிற்கும், கழுத்து நீளும், நாலு நிமிஷத்தில் வலிக்கும். நாலு மணி நேரம் காத்திருப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

இது புதுப் பிரச்னையும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்களின் எம்1 கேரண்ட் செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் இதே தலைவலி வந்தது. அதில் 8 தோட்டாக்கள் கொண்ட கிளிப்பை மேலிருந்துதான் உள்ளே தள்ள வேண்டும், காலியானதும் கிளிப் மேல்நோக்கித்தான் துள்ளி வெளியே வரும். நடுவில் ஸ்கோப் வைத்தால் வழி மறித்துவிடும். அதனால் 1944-இல் வந்த எம்1சி மாடலில் ஸ்கோப்பை இடப்பக்கம் தள்ளி மாட்டினார்கள். அந்தப் பக்கம் முகத்தைச் சாய்க்க வசதியாகப் பட்டில் தோல் திண்டு ஒன்றைக் கயிறு கோத்துக் கட்டினார்கள்.

80 வருஷத்துக்கு முன் தோல் திண்டு செய்த வேலையைத்தான், இன்று ஏற்றி இறக்கக்கூடிய கன்னத் தாங்கி செய்கிறது.

இன்னொரு விஷயம், செமி-ஆட்டோமேட்டிக் துப்பாக்கி சுடும்போது ஸ்கோப்புக்கு இரண்டு உதை விழும். தோட்டா கிளம்பும்போது பின்னால் ஒன்று, உள்ளே இருக்கும் கனமான போல்ட் திரும்பி வந்து மோதும்போது முன்னால் ஒன்று. மலிவான ஸ்கோப் இதில் சீக்கிரமே குறி தவற ஆரம்பிக்கும்.

இருட்டில் என்ன ஆகும்?

ஊடுருவல் முயற்சிகள் பெரும்பாலும் இரவில்தான். டிராகுனோவின் பழைய ஸ்கோப்பில் இருக்கும் விளக்கு குறிக்கோட்டைக் காட்டுமே தவிர, எதிரில் இருப்பவரைக் காட்டாது.

இரவுக் கருவிகளில் இரண்டு வகை. ஒன்று, இருக்கும் கொஞ்சநஞ்ச நட்சத்திர வெளிச்சத்தைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டுவது. 659 கோடி ஒப்பந்தத்தில் வாங்கப்படுவது இந்த வகை. இன்னொன்று தெர்மல், உடம்பின் வெப்பத்தைப் படமாக்குவது. இதற்கு வெளிச்சமே வேண்டாம், புகையையும் லேசான மூடுபனியையும் தாண்டிப் பார்க்கும். ஆனா தெர்மலில் ஒரு ஆள் இருப்பது தெரியும், முகம் தெரியாது.

சோவியத் காலத்திலேயே டிராகுனோவின் அதே பக்கவாட்டு இடத்தில் இரவு ஸ்கோப் மாட்டிய எஸ்விடிஎன் என்ற வகை உண்டு. பகல் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு இரவு ஸ்கோப்பை மாட்ட வேண்டும். இன்றைய வழி வேறு. பகல் ஸ்கோப் அப்படியே இருக்கும், அதன் முன்னால் இரவுக் கருவியைக் கிளிப் போல மாட்டிக்கொள்ளலாம். ஏற்கெனவே சரிபார்த்து வைத்த குறி பெரிதாகக் கலையாது.

அதற்கு ஸ்கோப்புக்கு முன்னாலும் ரெயில் வேண்டும். டிராகுனோவில் அந்த இடத்தில் இருப்பது மரக் கைப்பிடி. ஆக, இரவுக் கண் வேண்டும் என்றாலும் மறுபடி சட்டகத்தை மாற்றும் வேலைக்கே வந்து நிற்கிறோம்.

கூடவே பேட்டரி. கடுங்குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். பழைய டிராகுனோவில் ஸ்கோப் உடைந்தாலும், அதை மாட்டிய நிலையிலேயே கீழே இருக்கும் இரும்புக் குறியை வைத்துச் சுடலாம். மேலே ரெயில் வைக்கும்போது பல வடிவமைப்புகளில் இந்த வசதி மறைந்துவிடும். புதுசு வரும்போது பழசில் ஒன்று போகும்.

ஸ்கோப்பால் மாற்ற முடியாதது என்ன?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை மட்டும் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். ஸ்கோப் நீங்கள் பார்ப்பதை மாற்றும். தோட்டா போகும் வழியை மாற்றாது.

ஒரு துப்பாக்கியை அசையாமல் இறுக்கிக் கட்டி, ஒரே இடத்துக்குப் பத்துத் தோட்டா சுட்டாலும் பத்தும் ஒரே ஓட்டையில் போகாது, கொஞ்சம் சிதறும். நல்ல நிலையில் உள்ள டிராகுனோவ், அதற்கென்றே தயாரித்த ஸ்னைப்பர் தோட்டாவோடு, 100 மீட்டரில் சுமார் மூன்றரை செ.மீ. அளவுக்குள் சிதறும். 800 மீட்டரில் அதே சிதறல் 28 செ.மீ. ஆள் அளவுள்ள இலக்குக்கு இது போதும். தலை அளவுள்ள இலக்குக்குப் போதாது.

அதே துப்பாக்கியில் மெஷின் கன்னுக்கான சாதாரண தோட்டாவைப் போட்டு, சிதறல் இரண்டு மடங்கு ஆனால்? 800 மீட்டரில் 56 செ.மீ. மனிதத் தோளின் அகலத்தையே தாண்டிவிடும். அப்போ 4 மடங்கு ஸ்கோப்பை எடுத்துவிட்டு 20 மடங்கு ஸ்கோப் வைத்தால், தோட்டா தவறிப் போவதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இதனால்தான் சோவியத் ராணுவம் துப்பாக்கியோடு நிறுத்தாமல், 1967-இல் 7என்1 என்ற தனி ஸ்னைப்பர் தோட்டாவையும் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான தோட்டாக்களைச் சுட்டுத் தேய்ந்த பேரலும் அப்படித்தான், எந்தக் கண்ணாடியும் அதை இளமையாக்காது.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் பேரலின் நிலை, அடுத்து தோட்டா, பிறகு அசையாத மவுண்ட், பட், கடைசியில் ஸ்கோப். நடைமுறையில் விளம்பரம் ஸ்கோப்பில் ஆரம்பிக்கும், டெண்டர் தோட்டாவில் வந்து தடுக்கி விழும்.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

அமெரிக்கா இதை ஒருமுறை பெரிய அளவில் செய்து பார்த்தது. 1957-இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட எம்14 ரைஃபிள், வியட்நாம் போர்க்காலத்தில் எம்16 வந்ததும் கிடங்குக்குப் போனது. ஆப்கானிஸ்தானில் மலைக்கு மலை சண்டை நடந்தபோது எம்16 குடும்பத்தின் சின்னத் தோட்டா தூரத்தில் வலுவிழந்தது. கிடங்கில் இருந்த எம்14-களை எடுத்தார்கள். மரப்பாகத்தைக் கழற்றி, ரெயிலோடு கூடிய அலுமினியச் சட்டகம் மாட்டி, நவீன ஸ்கோப் வைத்து, ஆயிரக்கணக்கில் களத்துக்கு அனுப்பினார்கள்.

வேலை செய்ததா? செய்தது. புதுத் துப்பாக்கி வடிவமைக்கக் காத்திருக்காமல், கையில் இருந்ததை வைத்து அவசரத்துக்குச் சமாளித்தார்கள். விலை என்ன? எடை. சுமார் 4 கிலோ துப்பாக்கி, எல்லாம் மாட்டி முடித்ததும் 6 கிலோவைத் தாண்டியது. மலை ஏறும் வீரரின் முதுகில் அது சின்ன விஷயம் இல்லை. பின்னாளில் அமெரிக்கத் தரைப்படை அந்த வேலைக்குப் புதிய ரைஃபிளையே வாங்கியது.

டிராகுனோவின் தாய்வீடான ரஷ்யாவும் சும்மா இருக்கவில்லை. மேல் மூடியில் பிகாட்டினி ரெயில், கனமான பேரல், முன்னால் இரண்டு கால் தாங்கி என்று எஸ்விடிஎம் வகையைக் கொண்டுவந்தது. கூடவே, டிராகுனோவுக்கு மாற்றாக சுகாவின் என்ற புதிய ரைஃபிளையும் தயாரித்தது. மேம்பாடு ஒரு பக்கம், மாற்று ஏற்பாடு ஒரு பக்கம் என இரண்டும் சேர்ந்தே நடந்தன.

இந்தியா ஏன் புதுசே வாங்கிவிடக் கூடாது?

வாங்க முயற்சி நடந்தது. 5,719 ஸ்னைப்பர் துப்பாக்கிகள் வாங்கும் பெரிய திட்டம் டெண்டர் வரை போய், 2019-இல் கைவிடப்பட்டது.

இடையில் களம் காத்திருக்கவில்லை. 2018 செப்டம்பர், அக்டோபரில் காஷ்மீர் பள்ளத்தாக்கில் பாதுகாப்புப் படையினர் மீது தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் தாக்குதல்கள் நடந்தன. இரவில் பார்க்கும் கருவிகளோடு வந்த பயங்கரவாதிகளே காரணம் என்று அப்போது செய்திகள் வெளியாகின. எதிரில் இருப்பவர் இருட்டில் பார்க்கிறார், நம் வீரர் பார்க்க முடியவில்லை என்றால் யார் உயிர் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

2019-இல் வடக்குக் கட்டளையகத்துக்காக பாரெட் எம்95, பெரெட்டா ஸ்கார்ப்பியோ டிஜிடி துப்பாக்கிகள் குறைந்த எண்ணிக்கையில் அவசரமாக வாங்கப்பட்டன. பிறகு பின்லாந்தின் சாகோ டிஆர்ஜி-42 வந்தது. இவை டிராகுனோவ் எட்ட முடியாத தூரத்துக்கான துப்பாக்கிகள், 1,000 மீட்டரைத் தாண்டிச் சுடுபவை.

அப்போ டிராகுனோவ் தேவையில்லையா? அங்கேதான் முதலில் பார்த்த வேறுபாடு உதவும். சாகோ, பெரெட்டா எல்லாம் கையால் போல்ட் இழுக்கும் ரகம், ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததுக்கும் நடுவே நேரம் எடுக்கும். 600 மீட்டருக்குள் மூன்று பேர் நகர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் அடுத்தடுத்துச் சுடும் செமி-ஆட்டோமேட்டிக்கே கைகொடுக்கும். இரண்டும் இரண்டு வேலை.

இந்திய மேம்பாட்டுத் திட்டமும் ஸ்கோப்போடு நிற்கவில்லை. ரெயில், நீளத்தை மாற்றக்கூடிய பட் என்று துப்பாக்கியின் உடம்பையும் சேர்த்தே மாற்றுவதுதான் நோக்கம். பெங்களூருவின் எஸ்எஸ்எஸ் டிஃபென்ஸ் போன்ற தனியார் நிறுவனங்கள் டிராகுனோவுக்கான மேம்பாட்டுக் கிட்டை உள்நாட்டிலேயே தயாரித்துக் காட்டியிருக்கின்றன. வடிவமைப்புக்கு வயது 60 என்றாலும், நம்மிடம் உள்ள துப்பாக்கிகள் அவ்வளவு பழசு இல்லை. பேரல் நன்றாக இருப்பவற்றைத் தேர்ந்தெடுத்துச் செய்தால் அர்த்தமுள்ள செலவுதான்.

பழைய கள், புதிய மொந்தையா?

இந்த மேம்பாட்டை அப்படிக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. முழுக்கத் தப்பும் இல்லை, முழுக்கச் சரியும் இல்லை.

பேரலைப் பரிசோதித்து, தரமான தோட்டா உறுதிசெய்து, அசையாத சட்டகம் மாட்டி, வீரருக்குப் புது ஸ்கோப்பில் போதுமான பயிற்சித் தோட்டாக்களும் கொடுத்தால், டிராகுனோவ் தன் எல்லையான 800 மீட்டருக்குள் இன்னும் பல ஆண்டுகள் மரியாதையாக வேலை செய்யும். பகலில் மட்டும் இல்லை, இரவிலும்.

இதில் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு, பளபளப்பான ஸ்கோப்பை மட்டும் மேலே ஏற்றினால் அது கிண்டலுக்குத் தகுதியானதுதான். எடை கூடும், செலவு கூடும், கண்காட்சியில் அழகாக இருக்கும், குறி மட்டும் தவறும்.

ஒரு ஆபத்தும் இருக்கு. பழசைச் சரிசெய்வது, புதுசு வரும் வரைக்குமான பாலமாக இருக்க வேண்டும். பாலம் போட்டாச்சு, இனி அவசரம் இல்லை என்று கோப்பை மூடி வைப்பதற்கான சாக்காக மாறிவிடக் கூடாது. அமெரிக்காவும் ரஷ்யாவும் பழசைச் சீர்செய்தபோது, பக்கத்திலேயே புதுசுக்கும் வேலை நடந்தது.

அடுத்த முறை நவீன ஸ்கோப் ஒப்பந்தம் என்று செய்தி வரும்போது, எத்தனை கோடி என்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். அது எதன் மேல் உட்காரப் போகிறது? அதற்கு என்ன தோட்டா வாங்கியிருக்கிறார்கள்? எல்லையில் நிற்பவருக்கு 659 கோடியை விட அந்த இரண்டு பதில்கள்தான் முக்கியம்.